வெளிப்பக்கம் தைத்த கொக்கிகள்

பெயர் இன்னும் வைக்காத என் மகனுக்கு,

நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபது, இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். எழுதுகிற எனக்குப் பதினேழு. இது எண்பத்தாறாம் வருடத்துக் கார்த்திகை மாதம். திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தையல் மிஷினுக்கு மேலே தொங்கும் சின்ன பல்பின் வெளிச்சத்தில், உயிரியல் ரெக்கார்டு நோட்டில் மீதமிருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால் நோட்டைத் துணிக் குவியலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். இப்படி ஒளித்து ஒளித்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். இன்றைக்கே எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை என் அப்பா பூவும் பழமும் வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் விக்கிரவாண்டிக்குப் போகிறார். அங்கே என் அம்மாவின் தம்பி இருக்கிறார், எனக்குத் தாய்மாமன். அவருக்கும் எனக்கும் தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி, நாள் குறித்துக்கொண்டு வருவார். அப்படி நடந்தால் மார்ச்சில் வரும் பரீட்சையை நான் எழுதப்போவதில்லை. விழுப்புரம் காலேஜில் பி.எஸ்ஸி. சேர வேண்டும் என்று வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கும் ஆசையும் அதோடு சரி. உன் அப்பா யார் என்பதுகூட நாளை மத்தியானத்துக்குள் முடிவாகிவிடும். இதை நிறுத்த ஒரே ஒருத்தியால்தான் முடியும். அவள் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. அவள்தான் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

நீ பிறப்பாயா, பிறந்தால் பையனா பெண்ணா, ஒன்றும் எனக்குத் தெரியாது. பையன் என்றே வைத்துக்கொள்கிறேன். பெண்ணாக இருந்தால் இதையெல்லாம் நான் சொல்லாமலே தெரிந்துகொள்வாள். பையனுக்குத்தான் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு நீயும் ஒரு வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையாக உட்காருவாய், அல்லது ஒரு பெண்ணுக்கு அப்பாவாக உட்காருவாய். அந்த நேரத்தில் உனக்கு இந்தக் கடிதம் ஞாபகம் வந்தால் போதும். பதினேழு வயதில் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்று சிரிக்காதே. எனக்கு முப்பத்தைந்து வயதாகும்போது இந்தப் பயம் மறந்துபோயிருக்கும். பயந்த நாளில் என்ன நினைத்தோம் என்பதைப் பயந்துகொண்டிருக்கும்போதுதான் சரியாக எழுத முடியும்.

முதலில் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அவரைத் தப்பாக நினைத்துவிடாதே. அவர் நல்லவர். சொந்த நிலத்தில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். வந்தால் சத்தமாகச் சிரிப்பார், எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணச் சொல்வார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இருந்து கூட்டிவந்தாள். அப்பாவின் தங்கைகள் இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய அத்தைதான் கேட்டாள். “இன்னாடி, உங்க மாமனக் கட்டிக்க இஷ்டந்தான? அப்புறம் இஸ்கூல்ல படிச்சேன், காலேஜ்ல படிக்கணும்னு எதனா சொல்லிக்கினு நிக்காத.” எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் “ம்” என்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்தைச் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. அம்மா உடனே சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்த “ம்” எங்கிருந்து வந்தது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். அது எனக்குப் புதிது இல்லை. அதே மாதிரி ஒரு “ஆமாம்” போன மாதம் விழுப்புரத்தில் என் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் ஆர்.என்.ஏ.வைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நிதானமாகக் கேள். என்னிடம் இருப்பதிலேயே நல்ல விஷயம் அதுதான்.

நம் உடம்பில் இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆர்.என்.ஏ. என்று ஒரு நீளமான சங்கிலி இருக்கிறது. அதில் நான்கே நான்கு விதமான கண்ணிகள்: ஏ, யு, ஜி, சி. இந்த நான்கும் ஏதோ ஒரு வரிசையில் மாறி மாறி வரும். ஏ போய் யுவைப் பிடித்துக்கொள்ளும், ஜி போய் சியைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி ஒற்றை என்பதால் துணைக்கு இன்னொரு சங்கிலி கிடையாது. அதனால் அது தன்னையே மடித்து, தன்னுடைய ஒரு இடத்தால் தன்னுடைய இன்னொரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடம் இரட்டைக் காம்பாகவும், பிடிக்காமல் விட்ட இடம் வளையமாகவும் ஆகும். எங்கள் புத்தகத்தில் கடத்து ஆர்.என்.ஏ. என்ற சின்ன வகையின் படம் போட்டிருக்கிறது. கண்ணிகள் எழுபத்தாறு. ஒரு காம்பும் மூன்று இலைகளும் வைத்த மாதிரி இருக்கும். கிளாவர் இலை போல என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் செடியை எங்களில் யாரும் பார்த்தது இல்லை. வயல் வரப்பில் கிடக்கும் ஆரைக்கீரையை நினைத்துக்கொண்டோம்.

உன் பாட்டி, அதாவது என் அம்மா, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தையல் கடைக்கு ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் செய்து, கொக்கி தைத்துக் கொடுக்கிறாள். பத்து வயதிலிருந்து நானும் கூட உட்கார்ந்து தைக்கிறேன். ஒரு பக்கம் கொக்கி, எதிர்ப்பக்கம் வளையம். சில ரவிக்கைகளுக்கு அழுத்தி மூடும் டிச் பட்டன். அதிலும் மேல்பாதி ஒரு பக்கம், கீழ்பாதி ஒரு பக்கம். கொக்கி கொக்கியோடு மாட்டாது, வளையம் வளையத்தோடு மாட்டாது. அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது: ஏ என்றால் கொக்கி, யு என்றால் வளையம், ஜி என்றால் டிச் பட்டனின் மேல்பாதி, சி என்றால் கீழ்பாதி. ஜியும் சியும் பிடிக்கும் பிடி கொஞ்சம் இறுக்கம் என்று புத்தகத்தில் இருந்தது. டிச் பட்டனும் அப்படித்தானே? விழுப்புரத்தில் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு என் தோழி ஷமீமாவின் பேரையும் என் பேரையும் கொடுத்திருந்தார்கள். ஷமீமாவின் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, துபாயில் வேலை செய்கிறார். அவள் வாய்க்கு எங்கள் வகுப்பே பயப்படும். காலருக்கு வைக்கும் விறைப்பான கேன்வாஸ் துணியில் ஓரம் வெட்டிப் போட்ட துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு நீள நாடா செய்தேன். கொக்கி கேட்டபோது அம்மா, “துருப்புடிச்சத எடுத்துக்கோ. நல்லதத் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்” என்றாள்.

எழுபத்தாறு இடத்திலும் பென்சிலால் குறி வைத்துத் தைத்தேன். முதல் தடவை பதினான்காவது குறியை விட்டுவிட்டேன். மாட்டிப் பார்த்தால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு இடம் நகர்ந்து, கொக்கிக்கு எதிரே கொக்கி வந்து நின்றது. இலையும் வரவில்லை, காம்பும் வரவில்லை, பாம்புச் சட்டை மாதிரி சுருண்டு கிடந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். இரண்டாவது தடவை எல்லாம் சரியாக மாட்டியது. முதல் முனையும் கடைசி முனையும் வந்து ஏழு பிடியில் சேர்ந்தன. இடது பக்கம் ஒரு இலை, கீழே ஒரு இலை, வலது பக்கம் ஒரு இலை. நான் ஒரு உருவமும் வெட்டவில்லை மகனே, வரிசையைத்தான் தைத்தேன். உருவம் அந்த வரிசையிலிருந்து தானாக வந்தது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஷமீமா இலைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: “ஏண்டி, இத இடுப்புல கட்டிக்கினு போனா சூப்பரா இருக்கும்டி.”

விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் போனோம். ஒரு மேசை கொடுத்தார்கள். பலகையில் அந்த இலையைக் குண்டூசி குத்திப் பரப்பி வைத்தோம். வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து மேசையில் தெர்மோகோலில் செய்த அணைக்கட்டைப் பார்க்கத்தான் கூடினார்கள். அதில் தண்ணீர் ஓடியது, விளக்கு எரிந்தது. கடைசியாகக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்து எங்கள் நாடாவைக் கையில் எடுத்து மாட்டிக் கழற்றிப் பார்த்தார். அவர்தான் மதிப்பெண் போடுகிறவர். “ரொம்ப நல்லா இருக்கும்மா. செல்லுக்குள்ளயும் இது இப்படித் தட்டையாதான் இருக்குமா?” என்று கேட்டார். நூலகத்தில் எடுத்த ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில், இது உண்மையில் தட்டை இல்லை, முழங்கை மாதிரி வளைந்து நிற்கும் என்று நான் படித்திருந்தேன். எப்படி வளைகிறது என்று புரியாததால் அந்தப் பக்கத்தை அப்படியே தாண்டிவிட்டேன். எப்படி வளைகிறது என்று அடுத்துக் கேட்பாரோ என்று பயந்து, “ஆமாங்க மேடம்” என்றேன். ஷமீமா மேசைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டு அணைக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

திரும்பும்போது ஷமீமா ஸ்டேஷனில் வைத்து என்னைக் கிழித்துவிட்டாள். “வளைஞ்சிருக்கும்னு நீதான எங்கிட்ட சொன்ன? எப்படின்னு தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இன்னாடி உனக்கு, வாயில கொழுக்கட்டையா?”

“பயந்துட்டேன்டி.”

“யாருக்கு? அந்தம்மா இன்னா கடிச்சா துன்னுடப் போறாங்க? உன்னால பேஜாரு.”

வண்டி விக்கிரவாண்டி தாண்டும் வரை அவள் என்னோடு பேசவில்லை. பரிசு கிடைக்காமல் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரியாத மாதிரி மறைத்தேன் என்பதுதான் அவள் கோபம்.

அன்றிலிருந்து அந்தத் தாண்டிய பக்கத்தைத் இங்கிலீஷ்-தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். மூன்று இலைகளில் இடது இலையின் நுனியும் வலது இலையின் நுனியும் ஒன்றை ஒன்று தொட வேண்டுமாம். தாளில் பார்த்தால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கின்றன. சங்கிலியில் எண்ணினாலும் அவற்றுக்கு நடுவில் கிட்டத்தட்ட நாற்பது கண்ணி தூரம். அந்த இரண்டும் போய்ச் சேரும்போதுதான் தட்டையான இலை எழுந்து, முழங்கையை மடித்த மாதிரி நிற்கிறது. ஒரு முனையில் அமினோ அமிலத்தைச் சுமக்கிறது. மறுமுனையால் செய்தியைப் படிக்கிறது. இரண்டு முனைக்கும் நடுவே இருக்கும் தூரம் சரியாக இருந்தால்தான் புரதம் செய்யும் வேலை நடக்கும். தட்டையாகக் கிடந்தால் அது வெறும் நாடா. ஆனால் என் நாடாவில் எவ்வளவு வளைத்தாலும் அந்த இரண்டு நுனிகளையும் மாட்ட முடியவில்லை. முதுகும் முதுகும்தான் முட்டிக்கொண்டன.

ஒரு சாயங்காலம் ஹெம்மிங் முடித்த ரவிக்கையை உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது தவறு எங்கே என்று தெரிந்தது. நான் அத்தனை கொக்கிகளையும் நாடாவின் ஒரே பக்கத்தில் தைத்திருந்தேன். வேறு மாதிரி தைக்க எனக்குத் தோன்றவே இல்லை. “ஹூக்கு வெளிய தெரிஞ்சா அது ரவிக்கையே இல்ல” என்று அம்மா ஏழு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் கை அப்படியே பழகிவிட்டது. எல்லாப் பிடியும் உள்ளுக்குள், வெளியே ஒன்றும் தெரியக்கூடாது. உள்பக்கப் பிடிகள் இலையைக் கொடுக்கும், அதற்கு மேல் கொடுக்காது. இடது நுனியின் வெளிப்பக்கத்தில் இரண்டு கொக்கியும், வலது நுனியின் வெளிப்பக்கத்தில் இரண்டு வளையமும் தைத்தேன். மாட்டினேன். நாடா மேசைமேல் எழுந்து நின்றது. மறுநாள் ஷமீமாவிடம் காட்டியபோது அவள் அதை நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, “இத அந்தம்மாகிட்ட காட்டணும்டி. ஜல்தியா நீ காலேஜுக்குப் போய்ச் சேரு” என்றாள். அந்த ஆசை அதற்கு முன்பே இருந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கே வெளிச்சமாகத் தெரிந்தது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. சில சமயம் இந்தச் சங்கிலி தப்பாக மடிந்துவிடுமாம். சேரக்கூடாத இடங்கள் சேர்ந்து இறுகிவிடும், வேலையும் செய்யாது, கழன்றும் வராது. பார்க்கிறவர்கள் சங்கிலியே கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் வரிசை அப்படியேதான் இருக்கும். அதற்குக் கொஞ்சம் சூடு காட்டி, வேண்டிய மக்னீசியம் உப்பைக் கொடுத்து, அவசரப்படாமல் ஆறவிட்டால் தப்பான பிடிகள் விட்டுப்போய் அது மறுபடியும் தன்னுடைய சரியான உருவத்துக்கு வந்துவிடுமாம். இந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

உனக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான் மகனே. ஒரு பெண்ணிடம் சம்மதமா என்று கேட்க வேண்டி வந்தால் நாலு பேரை வைத்துக்கொண்டு கேட்காதே. சிரித்துக்கொண்டே கேட்காதே. உடனே “ம்” என்று வந்தால் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடாதே, இன்னொரு நாள் மறுபடி கேள். நீயே ஒரு இடத்தில் பயந்து “ஆமாம்” சொல்லிவிட்டால், சொன்னது சொன்னதுதான் என்று அதிலேயே உட்கார்ந்துவிடாதே. சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரிகிறது. நாளைக் காலை அப்பா கிளம்புவதற்குள் நான் பேச வேண்டும். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அம்மா அழுவாள். அப்பா இதுவரை என்னை அடித்ததில்லை, நாளைக்கு எப்படியோ. பேசாமல் போய்விட்டால் இந்தப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால் நான் பேசிவிட்டேன் என்று அர்த்தம்.

அடுத்த நாள் இரவு.

பேசிவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காலையில் அப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா பையில் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். கையில் எதையாவது பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும் என்று தோன்றியதால் அந்த நாடாவை எடுத்துக்கொண்டு போய் அப்பாவுக்கு எதிரே நின்றேன். என் அப்பா மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். நாளெல்லாம் தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது.

“இன்னா அது, பெல்ட்டா?” என்றார்.

“ஆர்.என்.ஏ.ப்பா.”

“இன்னாது?”

மூச்சுவிடாமல் சொன்னேன். விழுப்புரத்தில் அந்த அம்மா கேட்டதையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். “தெரியலன்னு சொல்லப் பயந்துக்கினு ஆமான்னுட்டேன்பா. ஞாயித்துக்கிழமை அத்தைங்கள்லாம் கேட்டப்போ ‘ம்’னு சொன்னதும் அதே மாதிரிதான்” என்றேன். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது.

அம்மா பழத்தைக் கீழே வைத்தாள். “காலங்காத்தால இன்னா பேச்சுடி பேசற? எந்தம்பிக்கு இன்னாடி கொறச்சல்?”

“மாமாவுக்கு ஒரு கொறையும் இல்லம்மா.”

“நீ செத்த சும்மா இரு” என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம், “அப்ப உனக்கு இன்னாதான் வேணும்?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. பரீட்சை எழுத வேண்டும், விழுப்புரம் காலேஜில் பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “அவன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போய்ச் சொல்லுவீங்க?”

“நான் ஏன் சொல்லணும்? ‘ம்’னு சொன்னது இவ. இல்லன்னும் இவளே வந்து சொல்லட்டும். கெளம்பு” என்றார் அப்பா.

அதைவிட அவர் அடித்திருந்தால் தேவலை என்று அப்போது நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தகரக் கூரையில் அடிக்கும் மழை போல மனசுக்குள் ஒரே இரைச்சல். கொஞ்ச தூரம் போனதும் அப்பா கையை நீட்டினார். நாடாவைக் கொடுத்தேன். மடியில் போட்டு நான் காட்டக் காட்ட ஒவ்வொரு கொக்கியாக மாட்டினார். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இலையைச் செய்துவிட்டார். “இது எதுக்கு வெளிய இருக்குது?” என்று அந்த இரண்டு கொக்கிகளைக் காட்டினார். சொன்னேன். மாட்டிப் பார்த்தார். எழுந்து நின்றதும் ஒரு விரலால் தட்டினார். எடை சரியாக இருந்தால் அவர் அப்படித்தான் மூட்டையைத் தட்டுவார்.

மாமா வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருடைய பெரிய சிரிப்பு. “வாங்க மாமா! இன்னா, புள்ளயயும் இஸ்துக்கினு வந்துட்டீங்க? பொண்ணே வந்து மாப்புள்ள பாக்குதா?”

“அது உங்கிட்ட எதோ சொல்லணுமாம். கேளு மச்சான்” என்று அப்பா பழப் பையை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

நின்றபடியே சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. மாமாவின் சிரிப்பு நின்றது. அவர் கை மட்டும் உரித்துக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னார்: “அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா புள்ள? டீக்கடைக்காரன்லருந்து டிராக்டர்காரன் வரைக்கும் சொல்லிட்டேனே. இனிமே அந்த ரோட்ல நான் எப்படிப் போறது?”

“தப்புதான் மாமா. பயந்துட்டேன்.”

“எனக்கா? நானு உன்ன சைக்கிள்ல வெச்சிக்கினு சுத்தனவன். எனக்கா பயந்த?”

ஒரு பயந்த “ம்” இன்னொருவரை எவ்வளவு தூரம் நடக்கவிட்டுக் கீழே தள்ளும் என்று அவர் முகத்தில் பார்த்தேன். அதை நீ பார்க்க வேண்டி வரக்கூடாது. அப்புறம் அவருடைய கண் என் கையிலிருந்த நாடாவின் மேல் விழுந்தது. “அது இன்னா?” என்றார். உடம்புக்குள் தானாக மடிந்து வேலை செய்யும் ஒரு சங்கிலியின் மாதிரி என்று சொல்லி அவர் கையில் கொடுத்தேன். மண் ஒட்டிய விரல்களால் அதைக் கழற்றிவிட்டு, கண்ட கொக்கியைக் கண்ட வளையத்தில் மாட்டினார். அது முடிச்சு முடிச்சாகச் சுருண்டு மாட்டிக்கொண்டது. இழுத்தார், வரவில்லை.

“தப்பா மாட்டிக்கினா இன்னா ஆவும்?”

“வேல செய்யாது மாமா.”

“தூக்கிப் போட்டுட வேண்டியதா?”

“வேணாம். சூடு பண்ணி மெதுவா ஆறவுட்டா தப்பா மாட்டனது கழண்டு, அப்புறம் சரியா மாட்டிக்கும். சங்கிலி கெடாது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சூடெல்லாம் காலையிலயே வந்து போட்டுட்ட. இனிமே ஆறணும்” என்றார். தள்ளி நின்றிருந்த அப்பாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார், வழக்கமான சிரிப்பு இல்லை, பாதிச் சிரிப்பு. நாடாவை என்னிடம் நீட்டினார். “படி. ஆனா நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் நான் காத்துக்கினு இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“வேணாம் மாமா” என்றேன்.

“வேணாம்றதுல மட்டும் எவ்ளோ ஜல்தி பாரு” என்றார். சாப்பிடாமல் விடவில்லை. தன் அக்காவிடம் தானே வந்து பேசிக்கொள்வதாக அப்பாவிடம் சொன்னார். அவர் மனசு முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிளம்பும்போது என் தலையைத் தொடாமல் அனுப்பினார். முன்பெல்லாம் தொடுவார்.

ரோட்டுக்கு வந்து நின்றோம். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. திண்டிவனம் போகும் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். அப்பா ரோட்டைத் தாண்டாமல் காலையில் நாங்கள் வந்து இறங்கிய பக்கத்திலேயே நின்றார். யோசனையில் நிற்கிறார் என்று நினைத்தேன். எதிரே பஸ் வந்து நின்று ஆள் ஏற்றியது. “அப்பா, நம்ம பஸ்ஸு” என்றேன். “போவட்டும்” என்றார். இன்னொன்றும் போனது. பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு பஸ் வந்தது. ஏறு என்று கையைக் காட்டினார். கண்டக்டரிடம், “விழுப்புரம் ரெண்டு” என்றார்.

காலேஜ் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் கண்காட்சிக்குப் போன அன்று தூரத்தில் பார்த்ததுதான். கேட்டுக் கேட்டு நடந்தோம். கேட் மூடியிருந்தது, உள்ளே மரங்களும் நீளமான கட்டடமும் தெரிந்தன. வாட்ச்மேன் எழுந்து வந்து, “யாரப் பாக்கணும்?” என்றார். அப்பா தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். “யாரையும் பாக்கணும்னு இல்லீங்க. எம் பொண்ணு வர்ற வருஷம் இங்கதான் படிக்கப் போவுது. எடம் எப்டி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்றார்.

நாளைக்கு எனக்கு வேதியியல் டெஸ்ட் இருக்கிறது. ஒன்றும் படிக்கவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

அம்மா